இடது கையில் கமரா

அந்தப் படத்தை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முகநூலைத் திறந்து கொஞ்ச நேரம் கீழே இழுத்தால் தானாக வந்து நிற்கும். ஒரு பக்கம் ஒரு பெரியவர், மற்றப் பக்கம் இன்னொரு பெரியவர், நடுவில் வெள்ளைச் சீருடையோடு ஒரு பிள்ளை. மூன்று பேருடைய கைகளும் ஒரே சைக்கிளின் கைபிடியில். மூவரும் கமராவைப் பார்க்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதில்லை. பின்னால் பதாகை. அதில் காலமான ஒருவரின் படம், எத்தனையாம் ஆண்டு நினைவு என்ற விபரம், அனுசரணை வழங்கிய குடும்பம் கனடாவா சுவிஸா என்ற தகவல். கீழே பிள்ளையின் பெயர், படிக்கிற பள்ளிக்கூடம், கிராமம், தகப்பன் இல்லை என்ற குறிப்பு. அதற்கும் கீழே கும்பிடுகிற கைகளும் இதயங்களும் வரிசையாக.

இந்தக் கட்டுரை அந்தப் படத்துக்கு எதிரானது. குறிப்பாக, அதைக் கோயில் வளவுக்குள் வைத்து எடுக்கிறவர்களுக்கு எதிரானது. சனசமூக நிலையமோ விளையாட்டுக் கழகமோ யூடியூப்காரரோ எடுத்தால் அவர்களோடு வேறு நியாயங்களைச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டும். கிறிஸ்தவர்களோடு சண்டை பிடிக்க அவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. இது பற்றி எங்களுக்கு எழுத்திலேயே தந்திருக்கிறது.

விபூதிப் புதனன்று கத்தோலிக்கக் கோயில்களில் வாசிக்கப்படுகிற நற்செய்தி வருடா வருடம் ஒன்றேதான். மத்தேயு 6ஆம் அதிகாரம். தர்மம் செய்யும்போது மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யாதே, தெருவில் எக்காளம் ஊதிக்கொண்டு கொடுக்காதே, உன்னுடைய வலது கை செய்வது இடது கைக்கே தெரியவேண்டாம் என்று இயேசு சொல்கிற பகுதி. அன்றைக்கு நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு இதைக் கேட்கிறோம். அதற்கடுத்த சனி ஞாயிறிலேயே தவக்கால உதவித்திட்டம் தொடங்குகிறது. உலர் உணவுப் பொதிகள் மேசையில் அடுக்கப்படுகின்றன, பதாகை கட்டப்படுகிறது, "கொஞ்சம் இஞ்சால திரும்பி நில்லுங்கோ அம்மா" என்ற குரல் கேட்கிறது. எக்காளத்துக்குப் பதிலாகக் கைபேசி. சில இடங்களில் ட்ரோனும் பறக்கிறது. வாசித்த புத்தகத்தை மூடி முழுதாக ஒரு கிழமை ஆகியிருக்காது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "அது பெருமைக்காகக் குடுக்கிறவைக்குச் சொன்னது. நாங்கள் பெருமைக்குச் செய்யேல்ல." சரி, ஒத்துக்கொள்வோம். கொடுப்பவர்களின் மனதை அளக்க என்னிடம் தராசு இல்லை. இரவு வேலை செய்து, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, அதில் மிச்சம் பிடித்து அனுப்புகிற அண்ணன்மாரும் அக்காமாரும் இருக்கிறார்கள். தாயின் நினைவு நாளில் ஊரில் நாலு பேர் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறதில் என்ன குற்றம்? மத்தேயுவின் அந்தப் பகுதியைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிற எல்லாரும் கொடுப்பவனுடைய ஆத்துமத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள்: அவனுக்குக் கர்வம் வந்துவிடும், பரலோகத்தில் கிடைக்க வேண்டிய பலன் குறைந்துவிடும். எனக்கு அந்தக் கவலை இல்லை. வாங்குகிற ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தெருவில் எக்காளம் ஊதினால் கொடுப்பவன் மட்டும் தெரிவதில்லை. அவனுக்கு முன்னால் கை நீட்டி நிற்கிறவளும் தெருவுக்கே தெரிகிறாள்.

இயேசுவுக்கு இது தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன். மாற்கு 5ஆம் அதிகாரத்தை எடுத்து ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். யாயீர் என்ற தொழுகைக்கூடத் தலைவரின் மகள், பன்னிரண்டு வயது, இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. வீட்டில் ஒரே சனம், ஒப்பாரிச் சத்தம். இயேசு முதலில் செய்கிற வேலை, சனத்தை வெளியில் அனுப்புவது. தாய், தகப்பன், தன்னோடு வந்த மூன்று சீடர்கள், அவ்வளவு பேர்தான் பிள்ளை கிடக்கிற அறைக்குள் போகிறார்கள். பிள்ளை எழும்பி நடந்த பிறகு இரண்டு விஷயம் சொல்கிறார். இது ஒருத்தருக்கும் தெரியவரக் கூடாது என்பது ஒன்று. பிள்ளைக்குச் சாப்பிட ஏதும் குடுங்கோ என்பது மற்றது. எனக்கு வேதாகமத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். செத்த பிள்ளையை எழுப்பின கையோடு, பிள்ளைக்குப் பசிக்கும் என்று ஞாபகம் வைத்திருக்கிற ஒரு ஆள். அந்த நேரத்தில் சுற்றிவரச் சனம் நிற்கக் கூடாது என்று முதலிலேயே யோசித்த ஒரு ஆள்.

மாற்கு இதை ஒரு தடவை மட்டும் எழுதவில்லை. காது கேளாதவரைக் கூட்டத்திலிருந்து தனியாகக் கூட்டிக்கொண்டு போகிறார். பெத்சாயிதாவில் பார்வையற்றவரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திக்கொண்டு போய்த்தான் தொடுகிறார். தொழுநோயாளிக்கு, ஒருத்தருக்கும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார். இறையியல் படித்தவர்கள் இதை "மெசியா இரகசியம்" என்பார்கள். வில்லியம் விரேட என்ற ஜெர்மன் அறிஞர் 1901இல் எழுதிய புத்தகத்திலிருந்து தொடங்குகிற விவாதம் அது. தான் யார் என்பதை இயேசு ஏன் மறைத்தார், அல்லது மாற்கு ஏன் அப்படி எழுதினார் என்பதே அவர்களுடைய கேள்வி. நூறு வருடத்துக்கு மேலாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மறைக்கப்பட்டது அந்த நோயாளியின் மானமாகவும் இருக்கலாம் என்று யோசிக்கிறதற்கு ஒரு பேராசிரியர் பட்டம் தேவையில்லை.

ஆனால் அதே அதிகாரத்தில் எனக்கு எதிராகவும் ஒரு கதை இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போக ஏலாது. யாயீர் வீட்டுக்குப் போகிற வழியில், பன்னிரண்டு வருடமாக இரத்தப்போக்கினால் கஷ்டப்பட்ட ஒரு பெண் பின்னால் வந்து அவருடைய உடுப்பைத் தொட்டுச் சுகமாகிறாள். அவள் சத்தம் போடாமல் போய்விடத்தான் பார்த்தாள். இயேசு விடவில்லை. என்னைத் தொட்டது யார் என்று கூட்டத்துக்குள் நின்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு முன்னுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிறது. இது என்ன? இது படம் எடுக்கிறது மாதிரித்தானே?

இல்லை. அந்தப் பெண் அன்றையச் சட்டத்தின்படி தீட்டுப்பட்டவள். பன்னிரண்டு வருடமாக ஊர் அவளைத் தொடவில்லை, அவள் தொட்ட பாயையும் தொடவில்லை. அவளுடைய நிலைமை ஊருக்குத் தெரிந்ததுதான். அவள் சுகமானது மட்டும்தான் தெரியாது. அது தெரியாவிட்டால் ஊர் அவளைத் திரும்ப எடுத்திருக்காது. ஆகவே அவர் அவளை எல்லாருக்கும் முன்னால் மகளே என்று கூப்பிடுகிறார். எங்களுடைய ஊர்களில் யாரைத் தொட்டால் தீட்டு, யார் கிணற்றில் தண்ணி அள்ளலாம் என்று கணக்குப் பார்த்த காலம் ஒன்றும் வெகு தூரத்தில் இல்லை என்பதால் இது எங்களுக்கு நன்றாக விளங்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் கூப்பிட்டதால் அந்தப் பெண் எழும்பி நின்றாள். பதாகைக்கு முன்னால் கூப்பிட்டால் எங்கட பிள்ளை எழும்பி நிற்கிறாளா? அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போகேக்குள்ள அவளுக்கு என்ன பெயர்? இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கமராவைத் தூக்குகிறவர்கள் இருந்தால் எனக்கு அவர்களோடு ஒரு பிரச்சினையும் இல்லை.

கோயில் மண்டபப் படமாவது பரவாயில்லை என்று சொல்லவைக்கிற இன்னொன்று இருக்கிறது. வீட்டுக்குள் போகிற காணொளி. தகரக் கொட்டிலின் வாசலில் தொடங்கும். பிறகு குசினி. அடுப்பு, வெறும் பானை, கூரையில் ஓட்டை, அந்த ஓட்டைக்குக் கொஞ்சம் கிட்டவாகப் போகும். பிறகு அந்த அம்மாவை இருத்தி, "இண்டைக்கு என்னம்மா சமைச்சனீங்கள்?" என்று கேட்பது. அவர் அழுவார். "அழாதேங்கோ அம்மா" என்று சொல்லிக்கொண்டே முகத்தைப் பெரிதாக்குவார்கள். பின்னணியில் சோகப் பாட்டு. எங்கட ஆக்கள் செய்தால் கீர்த்தனை.

உபாகமம் அல்லது இணைச்சட்டம் என்று நீங்கள் சொல்லுகிற புத்தகத்தின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருத்தனுக்குக் கடன் கொடுத்து அதற்கு அடகு வாங்கப் போகிறாய் என்றால், அவனுடைய வீட்டுக்குள் போகாதே. வெளியில் நில். அடகுப் பொருளை அவனே எடுத்துக்கொண்டு வெளியே வருவான். அவன் ஏழை என்றால், அடகு வைத்த போர்வையை இராத்திரிக்கு முன் திருப்பிக் கொடு, அவன் போர்த்துப் படுக்கட்டும். கவனியுங்கள், இது உதவி செய்ய வந்தவனுக்குச் சொன்னது அல்ல. சட்டப்படி வாங்குகிற உரிமை உள்ள கடன்காரனுக்குச் சொன்னது. அவனுக்கே வாசற்படிக்கு அப்பால் இடமில்லை. ஏழையின் குசினிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கிற உரிமை கடன் கொடுத்தவனுக்குக்கூட இல்லை என்று மோசேயின் சட்டம் சொல்கிறது. பத்து கிலோ அரிசிக்கும் இரண்டு கிலோ மாவுக்கும் நாங்கள் அந்த உரிமையை வாங்கிவிட்டோம். உள்ளே பார்த்தது போதாதென்று ஆயிரம் பேரையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

"அவையிட்ட கேட்டுத்தானே எடுக்கிறம். சம்மதிச்சவை." இதுவும் அடிக்கடி கேட்கிற நியாயம். மேசையில் பொதி, கையில் கமரா, வீட்டில் பிள்ளை. இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிற ஆளிடம் கேட்டு வாங்குவதற்குப் பெயர் சம்மதமா? வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை பட்டியலில் பெயர் இருக்குமோ என்று அவர் யோசிக்க மாட்டாரா? எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா ஒருமுறை சொன்னார்: "படம் எடுக்காமத் தாறதெண்டா ரெண்டு கிலோ குறைச்சுத் தந்தாலும் பரவாயில்லை." அவர் கோபத்தில் சொல்லவில்லை. விலை பேசுகிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். படத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைத் தான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்கு எங்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பிள்ளையின் தனிமையில் யாரும் காரணமில்லாமல் தலையிடக் கூடாது என்று சொல்கிற சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட நடத்தைக் கோவையின் பத்தாவது அம்சம், பாதிக்கப்பட்டவர்களை மதிப்புள்ள மனிதர்களாகக் காட்டு, கதியற்ற பொருட்களாகக் காட்டாதே என்பது. சுவிசேஷத்துக்கு வெளியிலும் இது எழுத்தில் இருக்கிறது.

கணக்கு விஷயத்துக்கு வருவோம். இதுதான் கொஞ்சம் வலுவான வாதம். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர் ஆதாரம் கேட்பார்தானே, ஏமாற்று எவ்வளவு நடக்கிறது என்பார்கள். உண்மை, நடக்கிறது. ஆனால் படம் கணக்கு அல்ல. ஒரு நாள் ஒரு இடத்தில் ஒரு சைக்கிளில் நாலு கை பட்டது என்பதை மட்டும்தான் படம் காட்டும். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, சைக்கிள் என்ன விலை, மிச்சம் எங்கே என்று அது சொல்லாது. சொல்லப்போனால் கணக்குக் கேட்கிற வாயை மூட வைக்கிறதே அந்தப் படம்தான். கடைப் பற்றுச்சீட்டை அனுப்புங்கள். வங்கிக் கூற்றை அனுப்புங்கள். வருட முடிவில் வரவு செலவைக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள், அதை முகநூலிலும் போடுங்கள், அதற்கு நான் முதல் ஆளாக இதயம் போடுகிறேன். இந்தத் தவணை ஏழு பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள் என்று அதிபர் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதித் தரலாம். அதை நம்ப மாட்டேன், பிள்ளையின் முகத்தைக் காட்டு என்று ஒரு அனுசரணையாளர் அடம்பிடித்தால், அவருக்கு வேண்டியது கணக்கல்ல என்று பங்குத்தந்தையோ போதகரோ மரியாதையாக எடுத்துச் சொல்ல வேண்டும். சபையில் அந்த வேலையைச் செய்யத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

விளக்கை ஏற்றி மரக்காலுக்குக் கீழே வைக்காதே, உன் நல்ல செயல்களைச் சனம் பார்க்கட்டும் என்று மத்தேயு 5இல் இருக்கிறதே என்று வேதம் படித்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. ஒரு பக்கத்தில் காட்டு என்றும் அடுத்த பக்கத்தில் மறை என்றும் சொல்கிறவர் குழம்பியிருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. காட்டச் சொன்னது செயலை, அதாவது உன்னை, நீ வாழ்கிற விதத்தை. பக்கத்து வீட்டுக்காரியின் வறுமையை விளக்குத் தண்டில் ஏற்றச் சொல்லி ஒரு இடத்திலும் இல்லை.

மறைத்துக் கொடுக்கிற பழக்கம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் அல்ல. எருசலேம் ஆலயத்தில் இரகசிய அறை என்று ஒன்று இருந்ததாக யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. பயபக்தி உள்ளவர்கள் அதற்குள் சத்தமில்லாமல் போட்டுவிட்டுப் போவார்கள், நல்லாய் வாழ்ந்து நொடிந்துபோன குடும்பங்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். கிறிஸ்மஸ் தாத்தாவின் மூலக்கதையில் வருகிற மீராவின் ஆயர் நிக்கலஸ், சீதனம் இல்லாமல் நின்ற மூன்று பெண்பிள்ளைகளுக்காக இரவில் ஜன்னலுக்குள்ளால் காசுப்பையைப் போட்டுவிட்டு ஓடினவர். இன்றைக்கு அவருடைய வேஷத்தைப் போட்டுக்கொண்டு, மைக்கில் பெயர் கூப்பிட்டு, வரிசையில் விட்டுப் படம் எடுக்கிறோம், அந்த மனுசன் பாவம். 1833இல் பாரிஸில் ஒசானாம் என்ற இருபது வயது மாணவனும் நண்பர்களும் தொடங்கின வின்சென்ட் டி போல் சபை எங்களுடைய பல பங்குகளில் இன்றும் இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சந்திப்பது, சந்தித்த வீட்டைப் பற்றி வெளியில் வாய் திறக்காமல் இருப்பது அவர்களின் வழமை. அந்தச் சபையில் இருக்கிற வயதானவர்களை இளைஞர் குழுக்கள் கொஞ்சம் பழைய ஆக்கள் என்று பார்க்கிறோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்த அம்மம்மாக்களையும் அப்படித்தான் பார்த்தோம்.

இந்தப் படங்களைப் பற்றி என்னை மிகவும் எரிச்சல்படுத்துகிற விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. அவற்றில் ஏழைகள் ஒருபோதும் கொடுப்பதில்லை. எப்போதும் வாங்குகிறார்கள். ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்த இயேசு, இரண்டு செப்புக் காசு போட்ட விதவையைத்தான் சீடர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விதவையை அவர் கொடுக்கிறவளாகக் கண்டார். எங்களுக்கு விதவை என்றால் பயனாளி. "பயனாளி" என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, ஒரு ஆளை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

2024 டிசெம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கிய அகதிகளோடு ஒரு படகு வந்தது. பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். முதலில் கண்டது அங்கத்தைய கடற்தொழிலாளர்கள். முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தது அந்தக் கரைச் சனம். 2009இல் அதே கரையில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதினைந்து வருடமாகப் பொதி வாங்குகிற படங்களில் மட்டும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற சனம் அது. யாரும் அவர்களுக்கு அனுசரணை கொடுக்கவில்லை, பயனாளித் தெரிவு நடக்கவில்லை. வந்தவர்களின் மொழியும் தெரியாது, அவர்கள் என்ன சமயம் என்று பார்க்கவும் இல்லை. பிறகு அதிகாரிகள் அந்த அகதிகளைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கேப்பாப்புலவு விமானப்படை முகாமில் கொண்டுவந்து விட்டார்கள், அவர்களைத் திருப்பி அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தபோது முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்திலும் ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்நியனாக வந்தேன், ஏற்றுக்கொண்டீர்களா என்ற மத்தேயு 25இன் கேள்விக்கு எங்கட காலத்தில் ஊரிலிருந்து போன பதில்களில் அந்த முதல் நேரச் சாப்பாடும் ஒன்று. அந்த வருட நத்தாருக்கு அதைப் பற்றி எத்தனை கோயிலில் பிரசங்கம் வைத்தார்கள்?

ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த இடத்திலும் புல்லில் இருக்கச் சொன்னதுதான். யார் வறியவர், யார் வசதியானவர் என்று பிரித்ததாக நாலு சுவிசேஷத்திலும் இல்லை.

இளைஞர் ஒன்றியங்களில் இருக்கிற உங்களுக்கு நேரடியாக ஒரு வேலை. உங்கள் பங்கின், சபையின், ஒன்றியத்தின் முகநூல் பக்கத்தைத் திறவுங்கள். பின்னுக்குப் போங்கள், 2020 கொரோனாப் பொதிகள், 2022இல் சாமான் விலை ஏறின நேரத்துப் பொதிகள், அதற்கும் முதல். அதில் சைக்கிளோடு நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள், அல்லது பல்கலைக்கழகம் போய்விட்டாள், அல்லது அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். அவளுடைய பெயரைத் தேடுகிறவர்களுக்கு அந்தப் படம் இன்றைக்கும் வருகிறது, தகப்பன் இல்லை என்ற குறிப்போடு. பக்கத்தை நிர்வகிக்கிற ஆள் உங்களில் ஒருவர்தான், கடவுச்சொல் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த விபூதிப் புதனுக்கு முன் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அழித்தோம் என்று பதிவு போட வேண்டாம்.